விளையாட்டைப் பற்றி இணையத்தில் கருத்துச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கேப்டன் எடுத்த முடிவு தவறு என்று எழுதினால், பத்து நிமிடத்தில் உங்கள் படிப்பு, குடும்பம், தேசப்பற்று எல்லாம் விசாரணைக்கு வந்துவிடுகின்றன. விளையாட்டை ஆசையாகப் பேச வந்த பலர் இதனாலேயே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பவர்கள்தான் முதலில் ஒதுங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அவர்கள் தொடர்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள். உதாரணங்கள் பெரும்பாலும் கிரிக்கெட், கால்பந்து, டென்னிஸ். எந்த விளையாட்டானாலும் நடப்பது ஒன்றுதான்.

நான் மேட்சைப் பற்றித்தானே சொன்னேன்? ஏன் என்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்?

அந்த அணி வேறு, தான் வேறு என்று அவர் நினைக்கவில்லை. அதுதான் காரணம்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தங்கள் பல்கலைக்கழக அணி சனிக்கிழமை ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. மேட்சைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்தபோது, ஜெயித்த ஆட்டத்துக்கு ‘ஜெயித்தோம்’ என்று சொல்வது அதிகமாகவும், தோற்ற ஆட்டத்துக்கு அது குறைவாகவும் இருந்தது. நம்மிடமும் இதே கதைதான். ‘அடிச்சுட்டோம்’ என்று குதித்தவர்களே அடுத்த வாரம் ‘சொதப்பிட்டானுங்க’ என்கிறார்கள்.

ஆகவே, ‘அவர்களுடைய நடுவரிசை பலவீனம்’ என்று நீங்கள் எழுதினால், தீவிர ரசிகர் காதில் ‘நீ பலவீனமானவன்’ என்று விழுகிறது. அவர் உங்களைத் திருப்பித் தாக்குவது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் உங்கள் கருத்தால் வந்ததில்லை, அவர் அந்த அணியின் மேல் வைத்திருக்கும் பிடிப்பால் வந்தது என்று தெரிந்தால், பாதி வசவு உங்கள் மேல் ஒட்டாமலே போய்விடும்.

எல்லோரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தோம். எதிரணி ரசிகர் வேண்டுமென்றே பொய் சொல்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. அவர் பார்த்தது நிஜமாகவே வேறு.

1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் மூக்குடைந்து வெளியேறினார். பிற்பகுதியில் டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. யார் முறைகேடாக ஆடியது என்று இரு பல்கலைக்கழகங்களிலும் வாரக்கணக்கில் சண்டை. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள், அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ணில் பட்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர்கள் செய்த தவறுகளை டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். அதே படம், அதே காட்சிகள். 1954இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

எழுதும் முறையையே இது மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். ‘கண்ணில்லாதவனுக்குக்கூடத் தெரியும் அது பெனால்டி என்று’ என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவரை ஒன்று முட்டாள் என்கிறீர்கள் அல்லது பொய்யன் என்கிறீர்கள். ‘தற்காப்பு வீரரின் கால் பந்தில் படுவதற்கு முன்பே எதிராளியின் கணுக்காலில் பட்டதாக எனக்குத் தெரிகிறது’ என்று எழுதினால், அவர் திரும்பப் போய் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மறுக்கட்டும், பரவாயில்லை. அப்போதும் பேச்சு கணுக்காலைப் பற்றித்தான் இருக்கும்.

அப்படியானால் எப்படி எழுத வேண்டும்? ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

தோல்வி நாளில் ஆயிரக்கணக்கில் வரும் ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம்:

‘இவனையெல்லாம் எவன் டீமில் எடுத்தான்? இவனுக்கு ஜால்ரா போட்ட கூட்டம் இப்போ எங்கே போய் ஒளிஞ்சுக்கிச்சு?’

இரண்டு வரியில் மூன்று தரப்பைச் சீண்டியாகிவிட்டது: ஆடியவர், தேர்ந்தெடுத்தவர், ஆதரித்தவர்கள். ஆட்டம் மட்டும் எங்கேயும் இல்லை. இதற்குப் பதில் சொல்ல வருகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்? எழுதியவரைத்தான் பிடிக்க முடியும். வேறு பிடி கிடையாது.

அதே கோபத்தை இப்படியும் எழுதலாம்:

‘கடைசி இரண்டு ஓவர்களில் நான்கு ஷார்ட் பந்து போட்டார், நான்கும் பவுண்டரி. லெக் பக்க எல்லை சிறியது என்று தெரிந்தும் ஏன் அங்கேயே அடிக்கவிட்டார் என்று புரியவில்லை. முதல் ஸ்பெல்லில் யார்க்கர் நன்றாக விழுந்ததே, அதையே நம்பியிருக்கலாம். பந்து ஈரமாகி, பிடி கிடைக்காமல் போயிருந்தால் மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.’

கோபம் குறையவில்லை. ஆனால் எந்தத் தருணம் என்று சொல்லியாகிவிட்டது, வேறு என்ன செய்திருக்கலாம் என்பதும் இருக்கிறது. கடைசி வரிதான் முக்கியம். எது தெரியவந்தால் உங்கள் கருத்து மாறும் என்று நீங்களே சொல்லிவிட்டால், மறுக்க வருகிறவருக்கு ஒரு நல்ல வாசல் திறந்துவிடுகிறது. ‘பனி விழுந்தது, பந்தை இரண்டு முறை துடைத்தார்கள், கவனிக்கவில்லையா?’ என்று ஒருவர் வருவார். அங்கிருந்து நல்ல பேச்சு ஆரம்பிக்கும்.

அப்புறம், ‘எப்போதும்’, ‘ஒருநாளும்’, ‘எல்லா ரசிகர்களும்’ போன்ற சொற்களை எழுதிய பிறகு ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘பெரிய மேட்சில் எப்போதும் சொதப்புவார்’ என்றால் ஒரே ஒரு நல்ல ஆட்டத்தைக் காட்டி உங்களைப் பொய்யராக்கிவிடலாம். ‘கடைசி மூன்று நாக் அவுட் ஆட்டங்களில்’ என்றால் அந்த மூன்றைப் பற்றித்தான் பேச முடியும்.

‘இது என் தனிப்பட்ட கருத்து’ என்று முன்னால் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. அதைப் போட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எழுதுபவர்கள் அதிகமாகிவிட்டதால் அந்த வரிக்கு மதிப்பே போய்விட்டது. எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் ‘என்று நினைக்கிறேன்’ என்று போடுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவே சொல்லுங்கள்.

வீரர்களைக் கடுமையாக விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம். ஆடிய ஆட்டம், எடுத்த முடிவு, உடல் தகுதி, களத்தில் நடந்துகொண்ட விதம் எல்லாம் பொது விஷயங்கள். எல்லை எங்கே என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் இந்தியாவைப் பாகிஸ்தான் 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. முகமது ஷமி 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்தார். ‘ஷமியின் லெங்த் அன்று சரியில்லை’ என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அன்று ஒரு விக்கெட்கூட விழவில்லை. அதாவது பந்து வீசிய ஒருவருக்கும் விக்கெட் இல்லை. அப்படியிருந்தும் வசவு எல்லாம் ஒருவர் மேலேயே குவிந்தது, அதுவும் அவர் மதத்தைச் சொல்லி. அணித்தலைவர் விராட் கோலி அடுத்த ஆட்டத்துக்கு முன் பத்திரிகையாளர்களிடம் ஷமிக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசினார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்ற கருத்தில் உறுதியாக நின்றார். 43 ரன் என்பது விமர்சனத்துக்குப் போதுமான விஷயம். அதைத் தாண்டிப் போனவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

அதே ஆண்டு ஜூலை 11, வெம்ப்ளி. யூரோ கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டியில் இத்தாலியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் கோல் போடத் தவறினார்கள். சாகாவுக்கு அப்போது 19 வயது. அன்று பேச வேண்டிய நல்ல கேள்விகள் எத்தனையோ இருந்தன. ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கூடுதல் நேரம் முடியப்போகும் தறுவாயில், பெனால்டிக்காகவே இறக்கியது சரியா? பந்தைச் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்காத கால்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குமா? கடைசி உதையை 19 வயதுப் பையனிடம் கொடுக்கலாமா? யார் உதைப்பது என்ற முடிவு தன்னுடையது என்று பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் அப்போதே பொறுப்பேற்றார். இவ்வளவு பேச்சுக்கு இடம் இருந்தும், மூன்று பேரின் தோல் நிறத்தைச் சொல்லி இணையம் முழுக்க வசை பாடினார்கள்.

ஒருவர் செய்ததைப் பற்றிப் பேசலாம். பிறப்பால் வந்ததைப் பற்றிப் பேசக் கூடாது. குடும்பத்தை இழுக்கக் கூடாது. மனைவி மைதானத்துக்கு வந்ததால் ரன் அடிக்கவில்லை என்பதெல்லாம் விளையாட்டு விமர்சனம் ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீரரைக் கேவலமாகப் பேசிவிட்டு, ‘என்னை மட்டும் தனிப்பட்ட முறையில் தாக்காதீர்கள்’ என்று கேட்க முடியாது. அந்த இடத்தின் பேச்சு எந்த மட்டத்தில் இருக்கும் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள்.

சிலர் அணி ரசிகர்கள் மாதிரியே தெரியவில்லை. ஆனாலும் வெறித்தனமாகத் திட்டுகிறார்கள். யார் இவர்கள்?

பலர் பணம் கட்டி இழந்தவர்கள். சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் மகளிர் டென்னிஸ் சங்கமும் 2024இல் வீரர்களுக்கு வந்த இணைய வசவுகளை ஆராய்ந்தபோது, கண்டுபிடிக்கப்பட்டவற்றில் சுமார் 40 சதவீதம் சூதாட்டத்தில் தோற்ற கோபத்தில் எழுதப்பட்டவை என்று தெரிந்தது. அப்படிப்பட்டவரிடம் பேக்ஹேண்டைப் பற்றி விவாதிக்க முடியாது. நகர்ந்துவிடுங்கள்.

கேப்டன் எடுத்த முடிவு தோல்வியில்தானே முடிந்தது? தவறு என்று சொன்னால் ஏன் ‘நீ என்ன ஜோசியனா’ என்கிறார்கள்?

அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முடிவு எடுத்த நேரத்தில் இருந்த தகவலை வைத்து மதிப்பிடாமல், கடைசியில் என்ன நடந்தது என்பதை வைத்து மதிப்பிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே மாதிரி யோசித்து எடுத்த முடிவையே, பலன் நன்றாக இருந்தால் நல்ல முடிவு என்றும், கெட்டுப்போனால் மோசமான முடிவு என்றும் மனிதர்கள் மதிப்பிட்டார்கள்.

2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் டாஸ் வென்ற கங்குலி பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359, பான்டிங் ஆட்டமிழக்காமல் 140. இந்தியா 125 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ‘டாஸிலேயே தோற்றோம்’ என்று இன்றுவரை சொல்லாதவர் இல்லை. ஆனால் அன்று காலை கங்குலிக்கு என்ன தெரியும்? ஆடுகளத்தில் ஈரம் இருந்தது. அதே தொடரின் லீக் ஆட்டத்தில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதலில் பேட் செய்து இந்தியா 125க்குச் சுருண்டிருந்தது. இறுதிப் போட்டி வரை ஆஸ்திரேலியா ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு, ‘ஆனாலும் இறுதிப் போட்டியில் ரன்னைத் துரத்தும் அழுத்தம் பெரிது, அதனால் நான் பேட் செய்திருப்பேன்’ என்று சொல்லுங்கள். யாரும் உங்களை ஜோசியர் என்று சொல்ல மாட்டார்கள். கேப்டனின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்த பிறகு பேசுகிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரியும்.

புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டால் சண்டை நின்றுவிடுமா?

சில நேரம் நிற்கும். பல நேரம் சூடாகும். ஆண்கள் டென்னிஸில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள்: ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. முடிந்ததா என்றால் முடியவில்லை. நடாலின் 14 பிரெஞ்சு ஓபன் பட்டங்களை ஒருவர் எடுத்து வருவார். நேருக்கு நேர் மோதியதில் ஜோகோவிச் நடாலை 31–29 என்றும் ஃபெடரரை 27–23 என்றும் முந்தியிருப்பதை இன்னொருவர் காட்டுவார். மூன்றாமவர் ஃபெடரரின் ஆட்டத்தின் அழகைச் சொல்வார். அதற்கு எண்ணே கிடையாது, ஆனாலும் அது மதிக்க வேண்டிய காரணம்தான்.

‘சிறந்தவர்’ என்றால் எதில் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. களிமண்ணிலா, மொத்தப் பட்டங்களிலா, பார்ப்பதற்கு இன்பமா? இதைச் சொல்லாமல் நடக்கும் விவாதங்களில் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் மடையன் என்கிறார்கள். எண்ணைப் போடும்போது உங்கள் வாதத்துக்கு ஒத்துவராத எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஒருவரின் நேர்மையை இதைவிட வேகமாகக் காட்டும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

‘நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறாய்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

ஆடியிருக்காவிட்டால் ‘ஆடியதில்லை’ என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏசி மிலான் 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அரிகோ சாக்கி. அவர் தொழில்முறைக் கால்பந்து ஆடியதே இல்லை. இதைச் சொல்லிக் குத்தியவர்களுக்கு, குதிரை ஓட்டுவதற்கு முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்று பதில் சொன்னவர் அவர். ஆஸ்திரேலியா 2003, 2007 உலகக் கோப்பைகளை வென்றபோது பயிற்சியாளராக இருந்த ஜான் புகனன் ஆடியது வெறும் 7 முதல்தர ஆட்டங்கள்.

அதே நேரம், ஆடியவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களும் உண்டு. மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து எப்படித் தெரியும், எண்பதாவது நிமிடத்தில் கால் எப்படிக் கனக்கும் என்பதில் ஆடியவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதே முறை. ‘எப்படி அந்தப் பந்தை விட்டார்’ என்று கேட்பதைவிட ‘அந்த ஷாட்டை அந்த நேரத்தில் ஏன் தேர்ந்தெடுத்தார்’ என்று கேட்டால், பார்வையாளராகவே உங்களுக்குப் பேச இடம் இருக்கும்.

நான் பெண். எதைச் சொன்னாலும் ‘ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியுமா’ என்று பரீட்சை வைக்கிறார்கள்.

அந்தப் பரீட்சையை எழுதாதீர்கள். சரியாகப் பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும், பிறகு ‘கூகுள் பார்த்துச் சொல்கிறாய்’ என்பார்கள். கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. ‘நான் சொன்னதில் எது தவறு?’ என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பதில் வந்தால் பேசுங்கள், வராவிட்டால் பிளாக் செய்யுங்கள். விளக்கம் தர வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 1 அன்று ஜெர்மனி, கோஸ்டாரிகா மோதிய ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்தையே ஸ்டெஃபனி ஃப்ரப்பார் நடுவராக நின்று நடத்தினார். துணை நடுவர்கள் இருவரும் பெண்கள். ஆஃப்சைடு கொடி அவர்கள் கையில்தான் இருந்தது.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப் பரீட்சை நடப்பதைப் பார்த்தால், அந்தப் பெண் சொன்ன கருத்துக்கு ஒரு நேரான பதில் எழுதுங்கள், ஒத்துப்போயோ மறுத்தோ. பேச்சு ஆட்டத்துக்குத் திரும்ப அதுவே போதும்.

கலாய்ப்பது தவறா?

தவறில்லை. கிண்டல் இல்லாமல் ரசிகர் கூட்டமே கிடையாது. ஆனால் எழுத்தில் அது பாதிதான் போய்ச் சேரும். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் எழுதிய கேலி எதிராளிக்குக் கேலியாகப் புரியும் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதைப் படித்தவர்களோ கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பார்த்த அளவுக்குத்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். எழுதும்போது நம் குரல் நமக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்பதில்லை. நன்றாகத் தெரிந்த நண்பர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கலாயுங்கள். முன்பின் தெரியாதவரிடம், அதுவும் அவர் அணி தோற்ற இரவில், வேண்டாம்.

மேட்ச் நடக்கும்போதே எழுதலாமா?

மகிழ்ச்சியை உடனே எழுதுங்கள். கோபத்தைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள், குறைந்தது ரீப்ளே வரும் வரையாவது.

முன்பு சொன்னதற்கு மாறாக இப்போது நினைக்கிறேன். பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மாறியதற்குக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு வேலை இல்லை. ‘அப்போது அப்படி நினைத்தேன். அதன் பிறகு 12 இன்னிங்ஸ் பார்த்துவிட்டேன், ஸ்பின்னுக்கு எதிராக அவர் கால் நகர்வு மாறியிருக்கிறது’ என்றால் போதும். பழைய பதிவை அழிக்காதீர்கள். அழித்தால்தான் அது குற்றம் போலத் தெரியும்.

அறிஞர்களே மாறுகிறார்கள். கூடைப்பந்தில் தொடர்ந்து கூடையில் போட்டவருக்குக் ‘கை சூடாகிவிட்டது’, அடுத்ததும் விழும் என்ற நம்பிக்கை உண்டு. 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் எண்களை ஆராய்ந்து அது வெறும் பிரமை என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே பாடமாக இருந்தது. 2018இல் ஜோஷுவா மில்லரும் ஆடம் சன்ஹுர்ஹோவும் அந்தக் கணக்கிலேயே நுட்பமான ஒரு பிழை இருப்பதைக் காட்டினார்கள். அதைச் சரிசெய்தால் சூடான கை உண்மையாகவே இருக்கக்கூடும் என்று தெரிந்தது. நோபல் தரத்து ஆட்கள் இருந்த துறையிலேயே இப்படி நடக்கும்போது, ஒரு தொடக்க ஆட்டக்காரரைப் பற்றி நீங்கள் கருத்தை மாற்றிக்கொள்வதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

புனைபெயரில் எழுதினால் தப்பிக்கலாமா?

பாதுகாப்புக்காக என்றால் அது சரியான வழி. அலுவலகத்திலும் உறவினர் மத்தியிலும் விளையாட்டுச் சண்டை வந்து நிற்கக் கூடாது என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரே பெயரில் நிலையாக இருங்கள். இரண்டு ஆண்டாக ஒரே பெயரில் நிதானமாக எழுதுபவருக்கு ஒரு மரியாதை சேர்ந்துவிடும். யாராவது தாக்கினால் மற்றவர்களே பதில் சொல்வார்கள். முகம் தெரியாதபோது வாய்க் கட்டுப்பாடு தளரும் என்பதையும் மறக்க வேண்டாம். உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விரிவாக எழுதிய விஷயம் இது. நேரில் சொல்லத் துணியாததைப் புனைபெயரிலும் சொல்லாமல் இருப்பதுதான் நல்ல அளவுகோல்.

இவ்வளவும் பார்த்து எழுதியும் தாக்குகிறார்கள். என்ன செய்வது?

வசவுக்குள் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘அறிவு கெட்டவனே, அவன் காயத்தோடு ஆடினான் தெரியுமா?’ என்பதில் முதல் பாதியை விட்டுவிட்டு, ‘காயம் என்பது எனக்குத் தெரியாது, அப்படியானால் அவரை இறக்கியதுதான் கேள்வி’ என்று பதில் எழுதலாம். பலர் இதில் அடங்கிவிடுவார்கள். அடுத்த பதிலில் ‘நீங்க’ என்று மரியாதை வந்துவிடுவதைப் பார்க்கலாம். வாதமே இல்லாத வசவுக்குப் பதில் தேவையில்லை. ம்யூட், பிளாக் இரண்டும் அதற்காகத்தான் இருக்கின்றன. பிளாக் செய்தால் பயந்துவிட்டதாக நினைப்பார்களே என்று யோசிக்காதீர்கள், நினைக்கட்டும்.

மிரட்டல் வேறு விஷயம். வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்பத்தினர் படம் எதையாவது வெளியிட்டாலோ, உடலுக்குத் தீங்கு செய்வேன் என்றாலோ பதிலே எழுத வேண்டாம். தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பதிவின் இணைப்பையும் சேமித்துக்கொண்டு, முதலில் அந்தத் தளத்திலும் பிறகு காவல் துறையிலும் புகார் கொடுங்கள். சேமித்த பிறகுதான் பிளாக். வரிசை மாறினால் ஆதாரத்தைத் திரும்ப எடுப்பது கடினம்.

இணையத்தில் விளையாட்டை நிம்மதியாக விவாதிக்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

விதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். விதியைப் பற்றிய பேச்சில் எதிரணி ரசிகரும் உங்களோடு ஒரே பக்கத்தில் நிற்க முடியும்.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241 ரன் எடுத்துச் சமமாயின. சூப்பர் ஓவரிலும் தலா 15. அதிக பவுண்டரி அடித்ததற்காக, 26க்கு 17 என்ற கணக்கில் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. கடைசி ஓவரில் ஃபீல்டர் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. அதற்கு 6 ரன் கொடுத்தார்கள். எறிந்த கணத்தில் இரண்டு பேட்ஸ்மேன்களும் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரை ஒருவர் கடந்திருக்கவில்லை, ஆகவே 5 ரன்தான் சரி என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் சொன்னார். இதில் எத்தனை கேள்விகள்! எறியும் கணத்தைக் களத்தில் நிற்கும் நடுவர் எப்படிப் பார்க்க முடியும்? மூன்றாவது நடுவரிடம் கேட்டிருக்கலாமா? பவுண்டரிக்குப் பதிலாக இழந்த விக்கெட்டைக் கணக்கில் எடுத்திருந்தால் நியூசிலாந்து அல்லவா வென்றிருக்கும்? அந்த விவாதத்தில் உலகம் முழுக்க ரசிகர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐசிசி பவுண்டரிக் கணக்கை எடுத்துவிட்டது. ஒருவர் வெல்லும் வரை சூப்பர் ஓவர் தொடரும் என்று விதி மாறியது.

பந்து வீசுவதற்கு முன் கிரீஸை விட்டு நகரும் எதிர்முனை பேட்ஸ்மேனை ரன் அவுட் செய்வதும் அப்படித்தான். 1947இல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை அப்படி அவுட்டாக்கியதிலிருந்து, 2019இல் அஷ்வின் பட்லரை அவுட்டாக்கியது வரை ‘நேர்மையா இல்லையா’ என்று ஆட்களைப் பற்றியே சண்டை நடந்தது. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ‘ரன் அவுட்’ என்ற 38ஆம் விதியில் வைத்தது. பேட்ஸ்மேன் எந்தக் கணம் வரை கிரீஸுக்குள் நிற்க வேண்டும், அந்தக் கணத்தை யார் பார்த்துச் சொல்வது என்பதில் இன்னும் பேச நிறைய இருக்கிறது. அடுத்த முறை ஒருவர் அப்படி அவுட்டாகும்போது, பந்துவீச்சாளர் நல்லவரா கெட்டவரா என்பதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை முதலில் போட்டுப் பாருங்கள்.